உலைத் திறன் கட்டுப்பாடு: முழுத் திறனில் அடங்குகிறது, 1 சதவீதத்தில் ஊசலாடுகிறது, ஏன்?

கனலி எழுதியது:

வணக்கம். முதுநிலைத் திட்டப்பணிக்காக அழுத்த நீர் உலை ஒன்றின் திறன் கட்டுப்பாட்டைக் கணினியில் உருவகப்படுத்தி வருகிறேன். மாதிரி மிக எளியது. புள்ளி இயக்கச் சமன்பாடுகள் (உலை முழுவதையும் ஒரே புள்ளியாகக் கருதுபவை), ஒரே ஒரு தாமத நியூட்ரான் குழு, பீட்டா (மொத்த நியூட்ரான்களில் தாமதமாக வெளிவருபவற்றின் பங்கு) 0.0065, சிதைவு மாறிலி விநாடிக்கு 0.08, நியூட்ரான் தலைமுறை நேரம் 20 மைக்ரோவிநாடி. வெப்பப் பின்னூட்டம் இன்னும் சேர்க்கவில்லை. திறனில் உள்ள பிழையை ஒரு கெயினால் (மாறாப் பெருக்கெண்) பெருக்கி, அதையே நியூட்ரான்களை உறிஞ்சும் கட்டுப்பாட்டுத் தண்டின் வேகமாகக் கொடுக்கிறேன். முழுத் திறனில் 1 சதவீதம் அளவுக்குப் பிழை இருந்தால் ரியாக்டிவிட்டி விநாடிக்கு 3.25 பிசிஎம் வீதம் மாறும். ரியாக்டிவிட்டி என்பது தொடர்வினை சமநிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அளவு, பிசிஎம் என்பது லட்சத்தில் ஒரு பங்கு. புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்.

முழுத் திறனில் 2 சதவீதம் குறைக்கச் சொன்னால் கொஞ்சம் தாண்டினாலும் அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. அதே கட்டுப்படுத்தியை 1 சதவீதத் திறனில் வைத்து 1.1 சதவீதத்துக்குப் போகச் சொன்னால் தாண்டிப் போகிறது, திரும்புகிறது, மறுபடி தாண்டுகிறது. ஓர் அலை முடிய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தொகையீட்டு உறுப்பு ஒன்று சேர்த்தேன், நிலைமை மோசமானது. கெயினைக் குறைத்தேன், இன்னும் மோசமானது. கெயினைக் குறைத்தால் ஊசலாட்டம் அடங்கும் என்றுதானே பாடத்தில் இருக்கிறது? நிரலில் பிழையா, புரிதலில் பிழையா?

மடக்கை எழுதியது:

நிரலில் பிழை இல்லை. உங்கள் எண்களை வைத்துக் கையால் கணக்கிட்டுப் பார்த்தேன், அதே ஐந்து நிமிடம்தான் வருகிறது.

ரியாக்டிவிட்டி சிறிதளவு மாறும்போது திறன் எப்படி மாறுகிறது என்பதை அதிர்வெண் வாரியாகப் பாருங்கள். இரண்டு முறிவுப் புள்ளிகள் (உலையின் பதில் குணம் மாறும் அதிர்வெண்கள்) உண்டு. கீழே இருப்பது சிதைவு மாறிலி, விநாடிக்கு 0.08 ரேடியன். மேலே இருப்பது பீட்டாவைத் தலைமுறை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது, உங்கள் எண்களுக்கு 325. இந்த இரண்டுக்கும் நடுவே, நாலாயிரம் மடங்கு அகலமான பட்டையில், உலை கிட்டத்தட்ட ஒரு வெறும் பெருக்கி. ரியாக்டிவிட்டியைக் கொடுத்தால் உடனே ஓர் அளவுக்குத் திறன் தாவுகிறது. 100 பிசிஎம் ஏற்றினால் முதல் நொடியிலேயே ஏறத்தாழ 18 சதவீதம் தாவல். அதற்குப் பிறகுதான் தாமத நியூட்ரான்களின் நிதானமான ஏற்றம், 70 விநாடி அளவிலான காலமாறிலியுடன்.

0.08க்குக் கீழே போனால் கதை வேறு. அங்கே உலை ஒரு தொகையி, அதாவது உள்ளே வருவதைச் சேர்த்துக்கொண்டே போவது. நீங்கள் கொடுப்பதோ தண்டின் வேகம். வேகம் சேர்ந்து இடமாவது இன்னொரு தொகையீடு. ஆகவே மேல்பட்டையில் உங்கள் வளையத்தில் ஒரு தொகையி, 90 பாகை பின்னடைவு, நிம்மதியான நிலை. கீழ்ப்பட்டையில் இரண்டு தொகையிகள், 180 பாகை, கையில் மிச்சமே இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். அந்தப் பெருக்கத்தில் அப்போதைய திறனே ஒரு காரணியாக உட்கார்ந்திருக்கிறது. 1 சதவீதத் திறனில் உலையின் பதில் நூறில் ஒரு பங்குதான். முழுத் திறனில் உங்கள் வளையத்தின் குறுக்கு அதிர்வெண் (வளையப் பெருக்கம் ஒன்றாகும் இடம்) 0.5 ரேடியன் அளவில், நல்ல பட்டையில் இருந்தது; தணிப்பு விகிதம் (1க்குக் கீழே குறையக் குறைய ஊசலாட்டம் நீடிக்கும்) 1.25. 1 சதவீதத்தில் அது இரட்டைத் தொகையிப் பட்டைக்குள் சரிந்து, இயல் அதிர்வெண் 0.02 ரேடியனாகவும் தணிப்பு விகிதம் 0.125 ஆகவும் ஆகிவிட்டது. 0.02 ரேடியன் என்றால் அலைக்காலம் 314 விநாடி. உங்கள் ஐந்து நிமிடம் அதுதான்.

தணிப்பு விகிதம் கெயினின் வர்க்கமூலத்தோடு ஏறுகிறது. எனவே இங்கே கெயினைக் குறைப்பது ஊசலாட்டத்துக்குத் தூபம் போடுவது. தொகையீட்டு உறுப்பு மூன்றாவது தொகையியைக் கொண்டுவருகிறது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எடுத்துவிடுங்கள்.

தீர்வு ஒரே வரி: திறன்களின் வித்தியாசத்தை விட்டுவிட்டு அவற்றின் மடக்கைகளின் வித்தியாசத்தைப் பிழையாக எடுத்துக்கொள்ளுங்கள். உலையில் எல்லாமே மடங்குகளாக நடக்கிறது, கட்டுப்படுத்தியும் மடங்குகளில் யோசிக்கட்டும். (என் பெயரைப் பார்த்து நான் ஒருதலைப்பட்சமானவன் என்று நினைக்க வேண்டாம்.)

இரவுப்பணி எழுதியது:

மடக்கை சொன்ன கணக்கில் குறை இல்லை. ஆனால் கனலி, உண்மையான அழுத்த நீர் உலையில் யாரும் 1 சதவீதத்தில் தானியங்கிக் கட்டுப்பாட்டை இயக்குவதில்லை. வெஸ்டிங்ஹவுஸ் வகை உலைகளில் டர்பைன் சுமை 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தண்டுகள் தானாக வெளியேறுவதையே ஒரு பூட்டு தடுத்துவிடும். அதற்குக் கீழே மனிதர் கை. பணியாளர் தண்டைச் சில படிகள் இழுப்பார், நிறுத்துவார், ஏறும் வேகத்தைக் காட்டும் அளவியைப் பார்ப்பார், காத்திருப்பார். நிமிடத்துக்குப் பத்து மடங்கு ஏற்றம் என்றால் காலமாறிலி 26 விநாடி. அதைத் தாண்டிப் போகும் ஆசை யாருக்கும் வரக்கூடாது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அந்த உலைகளில் தண்டுக் கட்டுப்பாட்டின் முதன்மை இலக்கு நியூட்ரான் திறனே அல்ல. டர்பைனின் முதல் படி அழுத்தத்திலிருந்து குளிர்விப்பானின் சராசரி வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள். உண்மையான வெப்பநிலை அதிலிருந்து விலகினால் தண்டு நகரும். நியூட்ரான் திறனுக்கும் டர்பைன் திறனுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது ஒரு முன்னறிவிப்பாக மட்டும் சேர்க்கப்படுகிறது. டர்பைன் அதிக நீராவி கேட்டால் குளிர்விப்பான் குளிர்கிறது, குளிர்ந்த நீர் நியூட்ரான்களின் வேகத்தை நன்றாகத் தணிக்கிறது, உலை தானாகவே ஏறுகிறது. தண்டு வந்து சேர்வது அதற்குப் பிறகு, மிச்சத்தைச் சரிசெய்ய.

பிழை 0.8 செல்சியஸுக்குள் இருந்தால் தண்டு அசையவே அசையாது, இதுதான் டெட்பேண்ட். அதைத் தாண்டினால் நிமிடத்துக்கு 8 படிகள். பிழை பெரிதாகப் பெரிதாக 72 படிகள் வரை. ஒரு படி 16 மில்லிமீட்டர். உங்கள் மாதிரியில் தண்டுக்கு வேக வரம்பே போடவில்லை என்று நினைக்கிறேன். போடுங்கள். நிறைய விஷயங்கள் மாறும்.

கனலி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மடக்கைப் பிழைக்கு மாற்றினேன். 1 சதவீதத்திலும் 100 சதவீதத்திலும் வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரவுப்பணி ஐயா, வேக வரம்பைப் பற்றி ஒரு கேள்வி. தண்டை வேகமாக நகர்த்த முடிந்தால் கட்டுப்பாடு இன்னும் நன்றாக இருக்குமே. ஏன் 72 படிகளோடு நிறுத்துகிறார்கள்? மோட்டார் தாங்காதா?

இரவுப்பணி எழுதியது:

மோட்டார் பிரச்சினை இல்லை. கட்டுப்படுத்தி பைத்தியம் பிடித்து முழு வேகத்தில் தண்டுகளை வெளியே இழுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். அந்த நிலையிலும் பாதுகாப்பு அமைப்பு உணர்ந்து, அவசரமாகத் தண்டுகளை விழவிட்டு, எரிபொருள் சேதமடையாமல் காப்பாற்ற வேண்டும். ஆகவே இழுக்கும் வேகம் எவ்வளவு வரை போகலாம் என்பதைக் கட்டுப்பாட்டின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை, கட்டுப்பாடு கெட்டுப்போனால் வரும் விளைவும் சேர்ந்து முடிவு செய்கிறது. விழும் வேகத்துக்கு அப்படி வரம்பு கிடையாது. இரண்டு மூன்று விநாடிகளில் ஈர்ப்பு விசையாலேயே அடிவரை போய்விடும்.

ஒரு தண்டு அளவுமீறி வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எஸ்எல்-1 உதாரணம். 1961 ஜனவரி 3, அமெரிக்காவின் ஐடஹோ. 3 மெகாவாட் வெப்பத்துக்கான சிறிய உலை. பராமரிப்பின்போது நடுத்தண்டு கையால் அரை மீட்டர் அளவுக்கு உயர்த்தப்பட்டது. உலை உடனடி நியூட்ரான்களால் மட்டுமே மாறுநிலையை (தொடர்வினை தானாக நிலைக்கும் எல்லை) தாண்டியது. சில மில்லிவிநாடிகளில் திறன் 20 ஜிகாவாட் அளவை எட்டியது. மூவர் இறந்தார்கள். ரியாக்டிவிட்டி பீட்டாவைத் தொட்டுவிட்டால் உங்கள் கட்டுப்படுத்தி எவ்வளவு புத்திசாலி என்பது பொருட்டே இல்லை. எந்த உணரியும் எந்த மோட்டாரும் அந்த நேர அளவில் வேலை செய்யாது.

முன்கணிப்பு எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். 1970களின் தொழில்நுட்பத்தை இவ்வளவு பக்தியோடு விளக்குவது வியப்பாக இருக்கிறது. மாதிரிவழி முன்கணிப்புக் கட்டுப்பாடு வேதித் தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. தண்டின் வேக வரம்பு, வெப்பநிலை வரம்பு, திறன் ஏறும் வீதம் எல்லாவற்றையும் கட்டுப்பாடுகளாகவே எழுதிவிடலாம், உகந்த பாதையைக் கணினி தேடிக்கொள்ளும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட உலைகள் சுமையைப் பின்தொடர வேண்டியிருக்கிறது. அதற்கு விகிதக் கெயினும் டெட்பேண்டும் போதும் என்று எந்தத் துணிவில் சொல்கிறீர்கள்?

இரவுப்பணி எழுதியது:

பக்தி என்று எதையும் நான் எழுதவில்லை, படிகளின் எண்ணிக்கையை எழுதினேன். பிரான்சில் உலைகள் சாம்பல் தண்டுகளை வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் செய்து, நெடுங்காலமாகச் சுமையைப் பின்தொடர்கின்றன. சாம்பல் தண்டு என்றால் நியூட்ரான்களை அரைகுறையாக மட்டும் உறிஞ்சுவது. உள்ளே போனாலும் திறன் பரவலை அவ்வளவாகக் கோணலாக்காது. அங்கே தடை போடுவது கட்டுப்பாட்டுக் கணிதம் அல்ல. எரிபொருள் வில்லை வீங்கி அதன் உறையை அழுத்துகிறதே, அந்தத் தகைவுதான். உகந்த பாதை தேடும் உங்கள் நிரல் அந்தத் தகைவைத் தணித்துவிடுமா?

முன்கணிப்பு எழுதியது:

தணிக்காது, ஆனால் மதிக்கும். அதைத்தான் வரம்பாக எழுதலாம் என்கிறேன்.

மடக்கை எழுதியது:

சண்டை வேண்டாம், இருவரும் வேறு வேறு நேர அளவுகளைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

விநாடி அளவிலான வளையத்தில் முன்கணிப்புக்குப் பெரிய வேலை இல்லை. உலை அங்கே ஒரு பெருக்கிதான் என்று பார்த்தோம். கணிக்க என்ன இருக்கிறது? கூடவே, அந்த வளையத்தில் ஓடும் ஒவ்வொரு வரி நிரலும் எந்த நிலையில் என்ன செய்யும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அரை விநாடிக்கும் ஓர் உகப்பாக்கத்தைத் தீர்த்து, சில நேரம் தீர்வு இல்லை என்று சொல்லக்கூடிய ஒரு நிரலை அங்கே வைக்க எனக்கு மனம் வராது.

கணினியே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. கனடாவின் கான்டு உலைகளில் 1970களின் தொடக்கத்திலிருந்தே திறனை நேரடியாக டிஜிட்டல் கணினிகள்தான் கட்டுப்படுத்துகின்றன. இரண்டு கணினிகள், ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். இழையின் முதல் கேள்விக்கு அங்கே அழகான பதில் இருக்கிறது: முழுத் திறனில் கோடியில் ஒரு பங்கிலிருந்து மேலே வரை ஒரே கட்டுப்பாட்டு விதி, பிழை மடக்கையில் கணக்கிடப்படுகிறது, அதோடு திறன் ஏறும் வீதத்தின் பிழையும் சேர்கிறது. அது இயக்குவதும் முதலில் தண்டுகளை அல்ல. கனநீர் நிறைந்த உலைக்குள் 14 அறைகள், அவற்றில் சாதாரண நீர். நீர்மட்டம் ஏறினால் உறிஞ்சல் கூடும், இறங்கினால் குறையும். 14ஐயும் சேர்த்து ஏற்றி இறக்கினால் மொத்தத் திறன், தனித்தனியே மாற்றினால் பரவல். நான் பார்த்த இயக்கிகளில் இவ்வளவு நேர்த்தியானது வேறில்லை.

நச்சுக்கணக்கு எழுதியது:

முன்கணிப்பு நண்பருக்கு வேலை எங்கே இருக்கிறது என்று நான் சொல்கிறேன்: செனானில்.

பிளவில் பிறக்கும் அயோடின்-135, 6.6 மணி நேர அரை ஆயுளோடு செனான்-135 ஆகிறது. செனானின் அரை ஆயுள் 9.1 மணி. வெப்ப நியூட்ரானை உறிஞ்சும் அதன் குறுக்குப் பரப்பு 26 லட்சம் பார்ன் (அணுக்கருக்களின் குறுக்குப் பரப்பை அளக்கும் அலகு). திறனைக் குறைத்தால் செனானை எரித்துக்கொண்டிருந்த நியூட்ரான்கள் குறைகின்றன, அயோடினோ பழைய திறனின் கடனைத் தொடர்ந்து அடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே குறைத்த பிறகு பல மணி நேரம் நச்சு, அதாவது நியூட்ரான்களை விழுங்கும் செனான், ஏறும். முழுத் திறனிலிருந்து நிறுத்தினால் உச்சம் வர 10, 11 மணி நேரம் ஆகும். 1944 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் பி உலை திறன் ஏறி, தானாகவே செத்து, பிறகு தானாகவே உயிர்பெற்றபோது இயற்பியலாளர் ஜான் வீலர் செனானைச் சுட்டிக்காட்டினார். உலையைக் கட்டிய டூபாண்ட் நிறுவனப் பொறியாளர்கள் 1500 குழாய்கள் போதும் என்ற இடத்தில் 2004 வைத்திருந்தார்கள், அந்தக் கூடுதல் இடத்தில் எரிபொருள் போட்டுத் தப்பித்தார்கள்.

பெரிய உலையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மேல்பாதியில் திறன் கொஞ்சம் கூடினால் அங்கே செனான் எரிகிறது, அதனால் திறன் இன்னும் கூடுகிறது, கீழ்ப்பாதியில் நேர்மாறு. சில மணி நேரம் கழித்து அயோடின் பழிவாங்குகிறது, எல்லாம் தலைகீழாகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நாள் போல ஆகும். மொத்தத் திறன் அளவி நேர்க்கோடு காட்டிக்கொண்டிருக்க, உள்ளே மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். கனலியின் புள்ளி மாதிரியில் இது தலைகாட்டவே தலைகாட்டாது, ஏனென்றால் புள்ளிக்கு மேலும் இல்லை கீழும் இல்லை.

இங்கே முன்கூட்டிக் கணிப்பது பொன் போன்றது. எட்டு மணி நேரம் கழித்து என்ன வரும் என்று தெரிந்தால், தண்டை எப்போது நகர்த்துவது, நியூட்ரான்களை உறிஞ்ச நீரில் கரைத்திருக்கும் போரானை எப்போது நீர்க்கச் செய்வது என்று திட்டமிடலாம். கணினி சொல்லட்டும், மனிதர் பார்த்துச் செய்யட்டும். நேரம் தாராளமாக இருக்கிறது.

முன்கணிப்பு எழுதியது:

இதை ஏற்கிறேன். மேல் அடுக்கில் மணிக்கணக்கில் திட்டமிடுவது, கீழ் அடுக்கில் பழைய எளிய வளையம். நான் முதலில் சொன்னதிலிருந்து இது வெகுதூரம் இல்லை என்றும் பதிவு செய்துகொள்கிறேன்.

கனலி எழுதியது:

அப்படியானால் அடுக்குகளுக்கு இடையே கைமாற்றம் நடக்கும்போது என்ன ஆகும்? கையியக்கத்திலிருந்து தானியங்கிக்கு, ஒரு கட்டுப்படுத்தியிலிருந்து இன்னொன்றுக்கு. என் நிரலில் மாற்றும் கணத்தில் ஒரு குத்து தெரிகிறது.

இரவுப்பணி எழுதியது:

அந்தக் குத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். செர்னோபில்லில் 1986 ஏப்ரல் 26 நள்ளிரவுக்குப் பின், உள்ளூர்த் தானியங்கி அமைப்பிலிருந்து மொத்தத் திறன் தானியங்கிக்கு மாற்றும்போது, திறன் 500 மெகாவாட் வெப்ப அளவிலிருந்து 30க்குச் சரிந்தது. செனான் ஏறியது. அதை ஈடுகட்டத் தண்டுகளை இழுத்து இழுத்து 200க்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே மிச்சமிருந்த தண்டுகளின் ஈடு அனுமதித்த குறைந்தபட்சத்துக்கும் கீழே போயிற்று. வெடிப்புக்குக் காரணம் அந்தக் கைமாற்றம் என்று நான் சொல்லவில்லை. நீர் ஆவியாகும்போது ரியாக்டிவிட்டி கூடும் குணமும், நுனியில் கிராஃபைட் வைத்த தண்டு இறங்கும்போது முதலில் ரியாக்டிவிட்டியைக் கூட்டியதும்தான் காரணம். அடி வரை இறங்க 18 விநாடிக்கு மேல் எடுக்கும் தண்டுகள் வேறு. ஆனால் உலை அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்த வழியில் ஒரு கட்டுப்படுத்தி மாற்றம் நிற்கிறது.

உங்கள் நிரலுக்கு: புதிய கட்டுப்படுத்தியின் இலக்கை, மாற்றும் கணத்தில் இருக்கும் உண்மைத் திறனுக்குச் சமமாக வைத்துவிடுங்கள். பிழை பூச்சியத்தில் தொடங்கும். பிறகு இலக்கை மெதுவாக நகர்த்துங்கள்.

மடக்கை எழுதியது:

ஒரு சேர்க்கை. கட்டுப்பாடும் பாதுகாப்பும் தனித்தனி அமைப்புகளாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதிகளில் பொது வடிவமைப்பு அளவுகோல் 24. உங்கள் அறிக்கையில் அவசர நிறுத்தத்தைக் கட்டுப்படுத்தியின் ஒரு கிளையாக எழுதியிருந்தால் வெட்டி எடுத்துத் தனி உணரிகள், தனி தர்க்கம் என்று எழுதுங்கள். தேர்வாளர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

கனலி எழுதியது:

கைமாற்றக் குத்து போய்விட்டது. வேக வரம்பு சேர்த்தேன், எரிபொருள் வெப்பநிலைப் பின்னூட்டத்தைப் பாகைக்கு மைனஸ் 2.5 பிசிஎம் என்று சேர்த்தேன். முழுத் திறனில் உலை தானாகவே அடங்குவது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, கட்டுப்படுத்தியை அணைத்தாலும் நிற்கிறது. ஆனால் அளவீட்டில் கொஞ்சம் இரைச்சல் சேர்த்ததும் தண்டு ஓயாமல் மேலும் கீழும் ஒரு படி, ஒரு படி என்று தட்டிக்கொண்டிருக்கிறது.

இரவுப்பணி எழுதியது:

டெட்பேண்டைப் பற்றி முதலிலேயே சொன்னேன், அதைப் போடுங்கள். ஆனால் ஒரே எல்லையாகப் போடாதீர்கள், எல்லையிலேயே நின்று தட்டும். தொடங்க ஓர் எல்லை, நிற்க அதைவிடச் சிறிய இன்னோர் எல்லை. 0.8 பாகையில் நகரத் தொடங்கினால் 0.5 பாகையில் நிற்கட்டும். தண்டு இயக்கி எத்தனை படிகள் போட்டது என்றும் எண்ணி வையுங்கள். காந்தப் பிடிகள் தேயும் பொருட்கள். இரைச்சலை வடிகட்டப் போகிறீர்கள் என்றால் வடிகட்டியின் தாமதத்தையும் வளையத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மடக்கை எழுதியது:

கடைசியாக ஒரு சோதனை. பீட்டாவை 0.005 ஆக்கி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள். எரிபொருள் சுழற்சியின் முடிவில் புளூட்டோனியத்தின் பங்கு கூடுவதால் பீட்டா அந்த அளவுக்கு இறங்குகிறது. யுரேனியம்-235க்கு 0.65 சதவீதம், புளூட்டோனியம்-239க்கு 0.21 தான். நடுப்பட்டையில் உலையின் பெருக்கம் 30 சதவீதம் கூடும். வடிகட்டியோடு சேர்த்து அப்போதும் ஃபேஸ் மார்ஜின் (180 பாகைப் பின்னடைவைத் தொடும் முன் இருக்கும் இடைவெளி) எவ்வளவு மிஞ்சுகிறது என்று இங்கே போடுங்கள், பார்ப்போம்.